புது ஊசிதானே?

ஆஸ்டின் என்றதும் நம்மில் பலருக்கு டெக்சாஸ் மாநிலத் தலைநகர்தான் நினைவுக்கு வரும். மென்பொருள் வேலைக்குப் போன உறவுக்காரப் பிள்ளை ஒருவராவது அங்கே இருப்பார். நான் சொல்ல வந்தது வேறோர் ஆஸ்டின். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தின் தெற்கே, ஸ்காட் என்ற சின்ன மாவட்டத்தில் இருக்கிறது. 2015-இல் அங்கே இருந்தவர்கள் சுமார் 4,200 பேர். நம் கணக்கில் ஓர் ஊராட்சி. சூப்பை டப்பாவில் அடைக்கும் ஆலை ஒன்று, பக்கத்தில் ஓடும் நெடுஞ்சாலை, ஒரே ஒரு மருத்துவர். வில்லியம் குக் என்ற அந்த மருத்துவர் 2004-இல் வந்து கிளினிக் திறந்தார்.

2004 முதல் 2013 வரை, பத்து ஆண்டுகளில், அந்த மாவட்டம் முழுவதிலும் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டவர்கள் 5 பேர். 2015 ஜனவரி 23-ஆம் தேதிக்குள் 11 பேர். ஏப்ரல் 21-இல் 135 பேர். நவம்பரில் 181 பேர். பிற்பாடு எண்ணிக்கை 230-ஐயும் தாண்டியது. பெரும்பாலோர் இந்த ஒரே ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவர்கள். இந்தியாவில் வயது வந்தோரில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ இரண்டு பேருக்கு இந்தத் தொற்று இருக்கிறது. ஆஸ்டினில் அந்த ஓராண்டிலேயே நூற்றுக்கு நான்கு பேர் என்ற அளவை நெருங்கிவிட்டது.

இதை ஏன் இங்கே விளக்க வேண்டும் என்று கேட்கலாம். காரணம் கடைசியில் வரும். இப்போதைக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன்: அங்கே எல்லாம் தொடங்கியது ஹெராயினில் இல்லை. டாக்டர் சீட்டில் எழுதித் தரும் ஒரு வலி மாத்திரையில்.

அதன் வணிகப் பெயர் ஒபானா ஈஆர். உள்ளே இருக்கும் மருந்து ஆக்சிமார்ஃபோன், அபின் வகையைச் சேர்ந்த கடும் வலிநிவாரணி. 2006-இல் சந்தைக்கு வந்தது. இந்த மருந்தை விழுங்கினால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேரும். மீதியைக் குடலும் கல்லீரலுமே தீர்த்துவிடும். நேராக ரத்தக்குழாயில் ஏற்றினால் மொத்தமும் சேரும். அதாவது விழுங்குகிறவருக்கு ஒரு மாத்திரை செய்யும் வேலையை, ஊசியில் ஏற்றுகிறவருக்கு அதன் துண்டு செய்துவிடும். கள்ளச் சந்தையில் ஒரு மாத்திரை 100 டாலருக்கும் மேல் விற்றது. ஏழ்மை மிகுந்த ஊர். அந்த மாவட்டத்தில் நூற்றுக்கு 19 பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். ஒருவராக வாங்கக் கட்டாது. நாலு பேர் பணம் போட்டு ஒன்று வாங்கி, ஒன்றாகக் கரைத்து, ஒன்றாக உட்கார்ந்து ஏற்றிக்கொள்வார்கள்.

மாத்திரையைப் பொடித்து மூக்கால் உறிஞ்சுகிறார்கள் என்று புகார் வந்ததால், 2012-இல் உற்பத்தி நிறுவனம் அதை உடைக்க முடியாதபடி கெட்டியாக மாற்றியது. நல்ல நோக்கம்தான். மூக்கால் உறிஞ்சியவர்கள் பழக்கத்தை விடவில்லை, ஊசிக்கு மாறினார்கள். இந்த மாற்றத்தைக் காரணம் காட்டித்தான் 2017 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மாத்திரையைச் சந்தையிலிருந்து விலக்கச் சொன்னது. ஒரு வாசலை அடைத்தபோது எந்த வாசல் திறந்திருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

இன்னொன்று, இதன் போதை சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்கும்போது உடம்பு முறுக்கும், வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை. அந்தத் தவிப்பைத் தணிக்க மறுபடி ஒரு ஊசி. சுகாதாரத் துறையினர் விசாரித்தபோது ஒருவர் ஒரு நாளில் 4 முதல் 15 முறை வரை ஏற்றிக்கொண்டது தெரிந்தது. ஒவ்வொரு முறையும் கூட இருந்தவர்கள் 1 முதல் 6 பேர் வரை. சில வீடுகளில் மூன்று தலைமுறை சேர்ந்து உட்கார்ந்திருந்தது. பாட்டி, மகள், பேரன். இதைப் படிக்கும்போது முகம் சுளிக்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் கிருமிக்கு முகம் சுளிப்பது பற்றிக் கவலையில்லை. அது எப்படி நகர்ந்தது என்பதைப் பார்த்தால்தான் எங்கே தடுக்கலாம் என்பது புரியும்.

ஊசியை ரத்தக்குழாயில் குத்தியதும், சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்க, பிஸ்டனைக் கொஞ்சம் பின்னால் இழுப்பார்கள். சிறிதளவு ரத்தம் சிரிஞ்சுக்குள் வரும். மருந்து போனபிறகும் ஊசியின் துளையிலும் சிரிஞ்சின் மூக்கிலும் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் தங்கிவிடும். அடுத்தவர் அதே சிரிஞ்சால் மருந்தை எடுக்கும்போது, முதலாமவரின் ரத்தமும் அவர் உடம்புக்குள் போகிறது. தண்ணீரால் அலசினால் போகாதா என்றால், முழுதாகப் போகாது. ஆய்வகச் சோதனைகளில், வெப்பநிலையைப் பொறுத்து, சிரிஞ்சில் தங்கிய ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி ஆறு வாரம் வரையிலும், ஹெபடைடிஸ்-சி கிருமி ஒன்பது வாரம் வரையிலும் உயிரோடு இருந்திருக்கிறது.

ஊசியை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. ஹெபடைடிஸ்-சி அதைவிடச் சாமர்த்தியம். மருந்தைக் கரைக்கும் கரண்டி, வடிகட்டும் பஞ்சு, எல்லாரும் சிரிஞ்சைத் தோய்க்கும் தண்ணீர் டம்ளர் ஆகியவற்றில் ஒன்று பொதுவாக இருந்தாலும் அது தாவிவிடும். அதனால்தான் இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் ஊசியோடு சேர்த்து, தனித்தனிக் கரண்டி, பஞ்சு, சுத்திகரிக்கப்பட்ட தண்ணீர் என்று முழுப் பொட்டலமாகக் கொடுக்கிறார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது விருந்து உபசரிப்பு போலத் தெரியும். அந்தப் பொட்டலத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் கிருமி போகும் ஒவ்வொரு வழியை அடைக்கிறது.

எச்.ஐ.வி. புதிதாகத் தொற்றிய ஒருவரின் ரத்தத்தில் முதல் சில வாரங்களில் கிருமி மிக அதிகமாக இருக்கும். அப்போது அவருக்குக் காய்ச்சல் அடித்தது போல இருந்து சரியாகிவிடும். பரிசோதனையிலும் தொடக்க நாட்களில் தெரியாமல் போகலாம். அந்தச் சமயத்தில் அவர் தினம் பத்து முறை, ஐந்து பேரோடு ஒரே சிரிஞ்சைப் பகிர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆஸ்டினில் பரவிய எச்.ஐ.வி.யின் மரபணுவை ஆராய்ந்தபோது, கிட்டத்தட்ட எல்லாரிடமும் இருந்தது ஒரே கிளை. அண்மையில் யாரோ ஒருவர் மூலம் ஊருக்குள் வந்து, சில மாதங்களில் பரவியது.

இங்கே ஒரு கிளைக்கதை. 2019-இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், லர்கானாவுக்குப் பக்கத்தில் ரத்தோதேரோ என்ற ஊரில், நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. பெற்றோரில் பலருக்குத் தொற்று இல்லை. காய்ச்சல், சளி என்று கிளினிக்குக்குக் கூட்டிப்போன இடத்தில் பயன்படுத்திய சிரிஞ்சையே மீண்டும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆஸ்டினில் நடந்ததும் ரத்தோதேரோவில் நடந்ததும் மருத்துவக் கண்ணில் ஒரே நிகழ்ச்சி. அந்தக் குழந்தைகளைப் பார்த்து உலகம் அழுதது. ஆஸ்டின்காரர்களைப் பார்த்து, தானாகத் தேடிக்கொண்டது என்றது. தடுப்பு வேலையில் பாதிக்கு மேல் கெடுவது இந்த இரண்டாவது வாக்கியத்தால்.

நம் ஊரிலும் இது புதிதில்லை. கம்பவுண்டர் கண்ணாடி சிரிஞ்சை வெந்நீரில் போட்டு எடுத்து, வரிசையாக எல்லாருக்கும் குத்திய காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1986-இல் சென்னையில் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அதன்பிறகு வந்த விழிப்புணர்வில், 'புள்ளிராஜா' விளம்பரம் சுவரெங்கும் இருந்த காலத்தில், கிராமத்துப் பாட்டிகள்கூட நர்ஸைப் பார்த்து "புது ஊசிதானே?" என்று கேட்கப் பழகினார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதுதான் இப்போது பேசும் விஷயம்.

பெரிய நகரத்தில் ஊசி வழியே இப்படிப் பரவாதா? பரவும், பரவியிருக்கிறது. அங்கே தடுக்கவும் முயன்றிருக்கிறார்கள். 1984-இல் ஆம்ஸ்டர்டாமில், போதைப் பழக்கம் உள்ளவர்களின் அமைப்பே முன்னின்று, பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது; அப்போது அவர்கள் பயந்தது ஹெபடைடிஸ்-பி பரவலுக்கு. அமெரிக்காவில் 1988-இல் டகோமா நகரத்தில் டேவ் பர்ச்சேஸ் என்பவர் ஒரு மேசையைப் போட்டு இதைத் தொடங்கினார். நகரத்தில் மேசை போட்டால் நூறு பேர் கடந்து போவார்கள், யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

கிராமத்தில் அப்படி முடியாது. அரசு மருத்துவமனையில் சீட்டு போடுகிறவர் சித்தப்பா மகளாக இருப்பார். மருந்துக்கடைக்காரர் அப்பாவோடு படித்தவர். பரிசோதனைக்குப் போகிறோம் என்பது முடிவு வருவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். பக்கத்து நகரத்துக்குப் போகலாம் என்றால் வண்டி வேண்டும், ஒரு நாள் கூலி போகும், போகும் வழியில் உடம்பு முறுக்க ஆரம்பித்துவிடும். நகரத்தில் ஒருவர் பத்துப் பேரோடு பகிர்ந்தாலும் அந்தப் பத்துப் பேரும் வெவ்வேறு வட்டங்களில் இருக்கலாம். சின்ன ஊரில் எல்லாரும் ஒரே வட்டம். உறவும் நட்பும் நெருக்கமாக இருப்பதைக் கிராமத்தின் பலம் என்கிறோம். ரத்தத்தில் பரவும் கிருமிக்கும் அந்த நெருக்கம்தான் பாதை.

ஸ்காட் மாவட்டத்தில் இருந்த கொஞ்ச வசதியும் கழன்றுகொண்டே வந்தது. அங்கே எச்.ஐ.வி. பரிசோதனை செய்துவந்த ஒரு குடும்பநலக் கிளினிக் 2013-இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு பரிசோதனைக்கென்று மாவட்டத்தில் இடமே இல்லை. போதைக்காகச் சிரிஞ்சு வைத்திருப்பது இண்டியானாவில் குற்றம், பிடிபட்டால் சிறை. எனவே சுத்தமான சிரிஞ்சைப் பையில் வைத்திருப்பதைவிட, போகிற இடத்தில் இருப்பதைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு என்றாகிவிட்டது. போலீஸிடமிருந்து பாதுகாப்பு, அவ்வளவுதான்.

எச்சரிக்கை மணி அதற்கு முன்பே அடித்திருந்தது. எச்.ஐ.வி. தொற்றியவர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு 92 பேருக்கு ஹெபடைடிஸ்-சியும் இருந்தது. அந்தக் கிருமி ஒரே கிளையாக இல்லை. பல கிளைகள், பல ஆண்டுகளாக ஊருக்குள் சுற்றிவந்தவை. ஊசி பகிரப்படும் இடத்துக்கு முதலில் வருவது ஹெபடைடிஸ்-சி. அது வந்துவிட்டால், எச்.ஐ.வி. வருவதற்கு வழி ஏற்கெனவே போட்டாயிற்று என்று பொருள். மருத்துவர் குக் 2021-இல் எழுதிய புத்தகத்துக்கு, நிலக்கரிச் சுரங்கத்தில் விஷவாயுவை முதலில் உணர்ந்து சாகும் கனேரிப் பறவையின் பெயரை வைத்தது இதனால்தான். 2018-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், முந்தைய தகவல்களை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஹெபடைடிஸ்-சி பெருகியதைப் பார்த்து 2011-இலேயே தடுப்பு வேலை தொடங்கியிருந்தால், எச்.ஐ.வி. தொற்று பத்துப் பேருக்குள் நின்றிருக்கும் என்பது அவர்கள் கணிப்பு.

2015-இல் அந்த மாநிலத்தின் ஆளுநர் மைக் பென்ஸ். பின்னாளில் துணைக் குடியரசுத் தலைவர் ஆனவர். போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கு அரசே ஊசி கொடுப்பதில் அவருக்கு உடன்பாடு இல்லை. அதை மறைக்கவும் இல்லை. மாநிலச் சுகாதார ஆணையராக இருந்த ஜெரோம் ஆடம்ஸும் மத்திய நோய்த்தடுப்பு மையத்தினரும் எடுத்துச் சொன்ன பிறகு, மார்ச் 26 அன்று சுகாதார அவசரநிலை அறிவித்து, அந்த ஒரு மாவட்டத்துக்கு மட்டும், தற்காலிகமாக அனுமதித்தார். ஏப்ரல் 4-இல் முதல் ஊசிப் பரிமாற்றம் தொடங்கியது. மே மாதம் மற்ற மாவட்டங்களும் விண்ணப்பித்து அனுமதி பெறலாம் என்று சட்டம் வந்தது. அவரைப் பாராட்டுகிறவர்களும் உண்டு, தாமதத்துக்காகத் திட்டுகிறவர்களும் உண்டு. யேல் ஆய்வின்படி, தொற்றியும் கண்டறியப்படாதவர்களின் எண்ணிக்கை ஜனவரி மாதத்திலேயே உச்சத்தைத் தொட்டுவிட்டது. மனம் மாறியது மார்ச் கடைசியில். நான் திட்டுகிறவர்கள் பக்கம்தான். ஆனாலும் கொள்கையைவிடக் கண்முன் உள்ள நோயாளி முக்கியம் என்று ஒரு கட்டத்தில் ஒப்புக்கொண்ட அரசியல்வாதிகள் அதிகம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பரிமாற்ற மையம் திறந்த முதல் நாட்களில் கூட்டம் வரவில்லை. வாசலில் யார் நிற்பார்கள், போலீஸ் பின்தொடருமா என்ற பயம். அதனால் வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். பதிவு செய்தவர்களுக்கு ஓர் அட்டை; அதைக் காட்டினால் சிரிஞ்சு வைத்திருந்ததற்காகப் பிடிக்க மாட்டார்கள். இன்னொரு நல்ல காரியம், எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லையா, அங்கேயே விண்ணப்பம். அடையாள அட்டை, காப்பீடு, ஹெபடைடிஸ் தடுப்பூசி, எச்.ஐ.வி. பரிசோதனை, சிகிச்சைக்கு வழிகாட்டல் எல்லாம் அங்கேயே. கிராமத்து மனிதருக்கு ஆறு அலுவலகம் ஆறு பயணம் என்றால், முதல் பயணமே நடக்காது என்று தெரிந்த யாரோ திட்டமிட்டிருக்க வேண்டும்.

அங்கே வந்தவர்களிடம் ஊசி பகிர்வது வெகுவாகக் குறைந்தது. சில ஆண்டுகளில் புதிய எச்.ஐ.வி. தொற்றுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்தன. ஏற்கெனவே தொற்றியவர்களுக்குக் கூட்டு மருந்து கிடைத்தது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் அது பிறருக்குப் பரவாது. அதனால் சிகிச்சையும் தடுப்பின் ஒரு பகுதிதான்.

சரி, அந்தப் பழைய கேள்விக்கு வருவோம். ஊசியைக் கையில் கொடுத்தால், பழக்கத்தை வளர்ப்பதாகாதா? இதைக் கேட்பவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று ஒதுக்கக் கூடாது. பெரும்பாலும் பிள்ளையைப் பறிகொடுத்த, அல்லது பறிகொடுத்துவிடுவோமோ என்று பயந்த பெற்றோர்தான் கேட்கிறார்கள். அவர்களுக்கு மூன்று விஷயங்களைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊசி கிடைக்காததால் யாரும் போதையை விட்டதில்லை. ஆஸ்டினில் சிரிஞ்சு வைத்திருப்பதே குற்றமாக இருந்த காலத்தில்தான் ஒரே சிரிஞ்சு பத்துக் கைகள் மாறியது. அடுத்தது, பரிமாற்ற மையத்துக்கு வரத் தொடங்கியவர்கள், வராதவர்களைவிட, சிகிச்சையில் சேரும் வாய்ப்பு ஐந்து மடங்கு அதிகம் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சொல்கிறது. காரணம் எளிது: வாரம் ஒரு முறை, திட்டாமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, புண் இருக்கிறதா என்று பார்க்கும் ஒருவர் அங்கே இருக்கிறார். என்றைக்கோ ஒரு நாள் "போதும், விட்டுவிடலாம்" என்று மனம் வரும்போது, யாரிடம் போவது என்று தெரிந்திருக்கும். மூன்றாவது, பழைய ஊசியைத் திரும்ப வாங்கிக்கொள்வதால், தெருவிலும் சாக்கடையிலும் கிடக்கும் ஊசிகள் குறைகின்றன. குப்பை அள்ளும் தொழிலாளியின் கையில் குத்துவதும் குறைகிறது.

ஊசி மட்டும் போதுமா என்றால், போதாது. அபின் வகைப் போதைக்கு மாற்று மருந்து இருக்கிறது. நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரை, அல்லது மெத்தடோன். தினம் ஒருமுறை எடுத்துக்கொண்டால் உடம்பு முறுக்காது, தலை கிறுகிறுக்காது, வேலைக்குப் போகலாம். 2017-இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, இந்த மாற்று மருந்து மட்டும் ஹெபடைடிஸ்-சி தொற்றும் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கிறது. சுத்தமான ஊசியும் தாராளமாகக் கிடைக்கும்போது நான்கில் மூன்று பங்கு குறைகிறது. வந்துவிட்ட ஹெபடைடிஸ்-சியையும் இப்போது பெரும்பாலோருக்கு 12 வாரத்து மாத்திரையால் முழுதாகக் குணப்படுத்திவிடலாம். ஹெபடைடிஸ்-பிக்குத் தடுப்பூசி உண்டு. பழக்கமுள்ளவரை உயிரோடும் தொற்றில்லாமலும் வைத்திருந்தால்தான் அவர் ஒரு நாள் மீள முடியும்.

இவ்வளவும் கண்ணால் பார்த்த அந்த மாவட்டம் என்ன செய்தது? 2021 ஜூனில் மாவட்ட ஆணையர்கள் மூவர் வாக்களித்தார்கள். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், ஊசிப் பரிமாற்றத்தை அந்த ஆண்டோடு முடித்துக்கொள்ள முடிவானது. மருத்துவர்கள், ஜெரோம் ஆடம்ஸ், மையத்தால் மீண்டவர்கள் என்று பலரும் மூட வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். தொற்று குறைந்துவிட்டதே, இனி எதற்கு என்பதும் எதிர்த்தரப்பு வாதங்களில் ஒன்று. கொசு குறைந்துவிட்டது என்று கொசுவலையைக் கழற்றி எறிகிற கதை.

இப்போது நம் பக்கம். இந்த ஒரு விஷயத்தில் இந்தியச் சட்டம் இண்டியானாவைவிடத் தெளிவாக இருக்கிறது என்றால் ஆச்சரியப்படுவீர்கள். 1980-களின் கடைசியிலிருந்து மணிப்பூரில் ஊசி வழியே எச்.ஐ.வி. பரவியது. அங்கே, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கோயில் கட்டிக் குடியிருக்கும் மோரே, ஹெராயின் நுழையும் எல்லை ஊர்களில் ஒன்று. 1996-இலேயே அந்த மாநில அரசு, பாதிப்பைக் குறைக்கும் அணுகுமுறையைத் தன் எய்ட்ஸ் கொள்கையில் சேர்த்தது. பிறகு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு ஊசியும் மாற்று மருந்தும் கொடுப்பதை நாடு முழுவதற்குமான திட்டமாக ஆக்கியது. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தின் 22-ஆம் பிரிவு, பதிவு பெற்ற திட்டத்தில் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுப்பவர் மீதும் அதைப் பெற்றுக்கொள்பவர் மீதும் வழக்குப் போட முடியாது என்று எடுத்துக்காட்டோடு சொல்கிறது. 2018 செப்டம்பரிலிருந்து அந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. எல்லாக் காவல் நிலையங்களுக்கும் இது தெரியுமா என்பது வேறு கேள்வி.

தொடக்கத்தில் கடைசிக்கு ஒத்திவைத்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளாக நம் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் ஒரே மாதிரிச் செய்தி வந்துகொண்டிருக்கிறது: வலி நிவாரண மாத்திரைகளைப் போதைக்கு விற்ற இளைஞர்கள் கைது, இத்தனை மாத்திரை, இத்தனை சிரிஞ்சு பறிமுதல். மாத்திரையின் பெயர் பெரும்பாலும் டேபென்டடால். அதுவும் அபின் வகையில் செயல்படும் வலி மாத்திரைதான். டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதது. அதைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். சென்னையில் மட்டுமல்ல, சின்ன ஊர்களிலிருந்தும் செய்தி வருகிறது. விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் உள்ள மாவும் பசையும் ரத்தக்குழாயை அடைக்கும், கையில் சீழ் கட்டும், இதய வால்வில் தொற்று வரும். இவை உடனே தெரியும். பகிர்ந்த சிரிஞ்சால் வந்த ஹெபடைடிஸ்-சி பல ஆண்டுகளுக்குத் தெரியாது.

அந்தச் செய்திகளில் பறிமுதல் எண்ணிக்கை இருக்கிறது, பிரிவு எண் இருக்கிறது. அந்த இளைஞர்களை யாராவது ஹெபடைடிஸ்-சிக்குச் சோதித்தார்களா என்ற வரி இருப்பதில்லை. ஒரு ஊரில் நாலு பேர் பிடிபட்டால், அவர்களோடு உட்கார்ந்திருந்த பத்துப் பேர் அன்றிரவே இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்கிறார்கள். வியாபாரியைப் பிடிப்பது காவல்துறையின் வேலை, செய்யட்டும். பழக்கத்தில் சிக்கியவரைத் தேடிப் போவது சுகாதாரத் துறையின் வேலை. முதலாவது நடந்த மறுநாளே இரண்டாவதும் நடக்க வேண்டும். அதுவும் காக்கி உடை பக்கத்தில் இல்லாமல்.

அதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' இருக்கிறது, அங்கே எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், முடிவை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஹெபடைடிஸ்-சிக்கு 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இலவச சிகிச்சை இருக்கிறது. பரிசோதனைக்கு வருகிற பையனிடம் "எதுக்குப்பா இதெல்லாம்?" என்று எல்லார் முன்னாலும் கேட்காத ஓர் ஊழியரும், மாதம் சில நாள் கிராமங்களுக்குப் போகும் ஒரு வண்டியும் கூடினால், ஆஸ்டினுக்கு 2015-இல் கிடைத்ததில் பாதி நமக்குக் கிடைத்துவிடும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு பையன் இருந்தால், அடிப்பதற்கும் அறையில் பூட்டுவதற்கும் முன்னால், யாரோடு ஊசியைப் பகிர்ந்துகொண்டாய் என்று மெதுவாகக் கேளுங்கள். நம்பிக்கை மையத்துக்குக் கூடவே போங்கள். எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் 1097. அழைக்கக் கட்டணம் இல்லை.